மியூட் பட்டனிலிருந்து தொடங்குங்கள்

பதினாறு வருடமாக எடிட்டிங் மேஜைதான் என் பிழைப்பு. அதில் பாதி, பாட்டுப் போட்டி மாதிரியான ரியாலிட்டி நிகழ்ச்சிகள். ஒருமுறை ஒரு சிறுமி பாடி முடித்ததும் நடுவர் கண்ணைத் துடைப்பது போல வேண்டும் என்றார்கள். அந்தப் பாட்டுக்கு அவர் அழவே இல்லை. காலையில் விளக்குச் சூடு தாங்காமல் கர்ச்சீப்பால் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்ட ஷாட் ஒன்று கிடந்தது. அதை எடுத்து மதியம் பாடிய பாட்டில் ஒட்டி, அடியில் ஒரு வயலினை ஓட விட்டேன். ஒளிபரப்பான அன்று என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "அந்த அங்கிள் ரொம்ப நல்லவர்ப்பா" என்றாள்.

அதற்கப்புறம் வீட்டில் அவளோடு செய்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன். டிவியைத் தூக்கிப் போடச் சொல்ல எனக்கு வாய் வராது. சோறு போடுவதே அதுதான்.

முதலில் மியூட். உருக்கமான காட்சி வரும்போது ஒரு நிமிடம் சத்தத்தை நிறுத்திவிட்டு முகங்களை மட்டும் பாருங்கள். பாதி சோகம் இசையோடு போய்விடும். அழுகிறார் என்று நினைத்தவர் சும்மா குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ஷாட்டுகளை ஒட்டிய இடத்தைத் தேடுங்கள். பாடுபவரும் அழுபவரும் ஒரே ஃபிரேமில் சேர்ந்து தெரிகிறார்களா? தெரியாவிட்டால், அந்தக் கண்ணீர் அந்தப் பாட்டுக்குத்தான் வந்தது என்பதற்கு எங்கள் கத்தரி ஒன்றுதான் சாட்சி. பேட்டியிலும் இதே கதை. பாதி வாக்கியத்தில் படம் பேசுபவரின் முகத்தை விட்டு அவர் கைக்கோ, கேட்பவரின் தலையாட்டலுக்கோ போனால், நடுவில் ஏதோ வெட்டப்பட்டிருக்கலாம் என்று சந்தேகப்படலாம்.

இது பழைய வித்தை. ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே, ஒரு நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும் சவப்பெட்டியோடும் ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார். பசி, துக்கம், ஆசை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு உணர்ச்சியைப் பார்த்தவர்களே முகத்தில் ஏற்றிக்கொண்டார்களாம். எடிட்டிங் கற்க வருபவர்களுக்கு இன்றைக்கும் ஆரம்பப் பாடம் அதுதான்.

அடுத்த வேலை கொஞ்சம் கஷ்டம். காட்சியில் யாருமே பொருட்படுத்தாமல் கடந்துபோவது எது என்று பார்க்க வேண்டும். வில்லன் கத்தியை உருவினால் அது தப்பு என்று குழந்தைக்கே தெரியும். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் பின்னாலேயே ஹீரோ நாலு தெரு நடக்கிறான், பின்னணியில் துள்ளலாக ஒரு இசை என்றால்? கதை அதற்கு நல்லது கெட்டது எதுவும் சொல்வதில்லை. உலகத்தில் நடப்பதுதானே என்று போய்க்கொண்டே இருக்கிறது. மனதில் தங்குவது அந்தச் சாதாரணம்தான் என்பது என் அனுபவம்.

பசிபிக் கடலில் இருக்கும் பிஜித் தீவுகளில் காலங்காலமாகச் சதைப்பிடிப்பான உடம்புக்குத்தான் மதிப்பு இருந்தது. 1995-இல் அங்கே ஒரு பகுதிக்கு டிவி வந்தது. வந்த புதிதிலும், மறுபடி 1998-இலும் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தார். உடம்பைக் குறைக்க வாந்தி எடுப்பதாக முதல் தடவை ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்று வருடத்தில் அது 11.3 சதவீதம் ஆகியிருந்தது. எந்தத் தொடரும் அப்படிச் செய் என்று சொல்லிக்கொடுத்திருக்காது. ஒல்லியானவர்கள் சந்தோஷமாக வாழ்வதைக் காட்டியதே போதுமானதாக இருந்திருக்கலாம்.

நல்லதும் இதே வாசல் வழியாகத்தான் நுழைகிறது. 1988-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே வின்ஸ்டன் அமெரிக்கத் தொடர்களை எழுதுபவர்களிடம் போனார். கேட்டது முழு விழிப்புணர்வு எபிசோடை அல்ல, போகிறபோக்கில் ஒரு வரி வசனத்தை. விருந்துக்குக் கிளம்பும் கூட்டத்தில் ஒருவர், இன்றைக்கு வண்டி ஓட்டுவது நான், அதனால் குடிக்கமாட்டேன் என்பார். கதை வேறெங்கோ நகர்ந்துவிடும். 160-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் இப்படி வந்தது. அந்த ஏற்பாட்டுக்கு இருந்த 'டெசிக்னேட்டட் டிரைவர்' என்ற பெயர் பிறகு அமெரிக்க அகராதியிலேயே ஏறியது. பிரேசிலில் குளோபோ தொலைக்காட்சியின் சிக்னல் எட்டிய ஊர்களில் பிள்ளைப்பேறு குறைந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். தொடர்களில் வந்த நாயகிகளில் பெரும்பாலோருக்குக் குழந்தை இல்லை, இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான். பிறந்த பிள்ளைகள் சிலருக்கோ அந்தப் பாத்திரங்களின் பெயர்!

வீட்டில் இதை எப்படிச் செய்வது? பாடம் நடத்தாதீர்கள். முதல் வாரம் நான் காட்சிக்குக் காட்சி விளக்கம் சொல்லப்போய், மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். இப்போது எபிசோடு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி: "இன்னைக்கு யாரும் கண்டுக்காம விட்டது எது?" சில நாள் தோளைக் குலுக்குவாள். ஒருநாள், "அந்த வீட்ல எல்லாரும் உட்கார்ந்து பேசுறாங்க, அந்த அம்மா மட்டும் ஒரு தடவைகூட உட்காரலப்பா" என்றாள். நானும் அந்தத் தொடரை நாற்பது எபிசோடு பார்த்திருக்கிறேன். என் கண்ணில் படவே இல்லை.

போனில் இந்த வித்தை அவ்வளவாகச் செல்லாது. அங்கே யோசிக்க இடைவெளியே விடாமல் அடுத்தது வந்து விழும். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். மனிதர்கள் அனுப்பும் செய்திக்கு மட்டும் நோட்டிஃபிகேஷன் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வருவது பல கை மாறி வந்த சரக்கு. 2020-லிருந்து அதை ஒரு சமயத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அனுப்பும் வசதியைச் செய்துகொடுத்தவர்களே தயங்கும் இடத்தில் நாமும் ஒரு நிமிடம் தயங்கலாம்.

போன மாதம் நான் வெட்டிய எபிசோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மகள் ரிமோட்டை எடுத்து மியூட் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, அந்த ஆன்ட்டியோட தண்ணி பாட்டில் முதல்ல பாதிதான் இருந்துச்சு. கை தட்டும்போது ஃபுல்லா இருக்கு. அவங்க தட்டுனது வேற பாட்டுக்கு, சரியா?" என்றாள். மூன்று பேர் பார்த்து ஓகே சொல்லி அனுப்பிய எபிசோடு. ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது.