நடிகர் படத் தபாலட்டை: இனங்காண்பதும் மாரியில் காப்பதும்

பழைய நடிகர் அட்டை கையில் வந்ததும் முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பாருங்கள். முத்திரை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி வெலொக்ஸ், அக்ஃபா, கெவார்ட் போன்ற ஒளிப்படத்தாள் பெயர் இருந்தால், அது படத்தாளில் கழுவியது. முத்திரையில் ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்றிருந்தால், அந்த முத்திரை 1972 மே மாதத்துக்கு முன் வெளியானது. அட்டை எப்போது போனது என்பதைத் தபால் சீல்தான் சொல்லும்.

அடுத்து 10 மடங்கு பூதக்கண்ணாடியால் கன்னப் பகுதியைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது; சாம்பல் நிறம் இடைவெளியின்றி ஓடினால் கழுவிய படம். சரித்துப் பிடிக்கும்போது கறுத்த ஓரங்களில் நீல வெள்ளி மினுக்கம் தெரிந்தால் அது வயதின் அடையாளம், துடைக்கக் கூடாது. நடிகர் தியாகராஜ பாகவதரின் 1940களின் அசல் என்று விலை சொல்கிறார்களா? இருட்டில் புறஊதா ரோச் அடியுங்கள். தாள் நீல வெள்ளையாக ஒளிர்ந்தால் பின்னாளில் எடுத்த பிரதி. இப்படி ஒளிரும் வெண்மையூட்டி கலந்த படத்தாள் 1950களில்தான் வந்தது. ஒளிராவிட்டால் மட்டும் அசலாகிவிடாது.

இந்தச் சோதனை விலைக்காக மட்டுமல்ல. றங்குப் பெட்டிக்குள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிய அட்டைகளை என்ன செய்வதென்பதும் இதில்தான் தங்கியுள்ளது. கழுவிய படத்தின் மேற்பூச்சு ஜெலற்றின். தண்ணீரில் ஊறி இளகும். உலர்ந்தபடி இழுத்தால் ஒரு முகம் மற்ற அட்டையின் முதுகோடு போய்விடும். தட்டில் குளிர்ந்த தண்ணீர் விட்டு 20 முதல் 30 நிமிடம் ஊறவிட்டு, தானாக விலகும் இடத்திலிருந்து பிரியுங்கள். மத்தியானத் தாங்கித் தண்ணீர் வேண்டாம், அந்தச் சூட்டில் ஜெலற்றின் வழுகும். கிணற்று நீர் உவரென்றால் வெள்ளைப் படிவு விழும், கடைசி அலசலுக்குப் பற்றரித் தண்ணீர் (அசிட் அல்ல!) நல்லது. இழுத்துக் கட்டிய நுளம்பு வலையில் முகம் மேலே இருக்க நிழலில் உலர்த்துங்கள். பத்திரிகைத் தாளில் வைத்தால் மை ஏறும்.

மையில் கையொப்பமிட்டதையும் கையால் நிறம் தீட்டியதையும் நனைக்கவே வேண்டாம். பளபளப்பான அச்சுத்தாள் ஒட்டிக் காய்ந்துவிட்டால் ஊறவைத்தும் பயனில்லை.

உறை வாங்கும்போது முக்கோணத்துக்குள் 5 என்ற இலக்கம் உள்ள பொலிப்புரொப்பிலீனா என்று பாருங்கள். மணக்கும் மெத்தென்ற பிவிசி உறை சில வருடங்களில் படத்தில் ஒட்டும். செலோரேப் எங்கும் வேண்டாம்.

கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணியில் அட்டைகளை உலரவிட்டு, இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் அடையுங்கள். ஐப்பசி மழைக்குள் அடைத்தால் ஈரத்தையும் சேர்த்துத்தான் அடைப்பீர்கள். 10 லீற்றர் பெட்டிக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 100 கிராம், துணிப்பையில். செம்மஞ்சள் மணிகள் ஈரம் குடித்துப் பச்சையானால் சூடாக்கி உலர்த்தலாம். அரிசி போட வேண்டாம், வண்டுதான் வரும். பெட்டி கறையானுக்கு எட்டாமல், சுவரில் முட்டாமல், கல்லின் மேல் இருக்கட்டும். பூச்சி உருண்டையைத் தவிருங்கள். வேப்பிலை வைப்பதானால் பெட்டிக்கு வெளியே.