டர்பனிலிருந்து ஒருவர் பூர்வீக ஊரைக் கேட்டால்: தேடித் தரும் முறை

கொள்ளுத்தாத்தாவின் பெயரையும் 'ஆற்காடு' என்ற ஒரு சொல்லையும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஊர் தேடக் கிளம்பாதீர்கள். முனிசாமியும் மாரிமுத்துவும் எல்லா ஊரிலும் உண்டு. தென்னாப்பிரிக்க உறவுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது எண்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் என்ற அன்றைய பிரிட்டிஷ் காலனிக்குப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, அதற்குக் காலனி எண் என்று பெயர். அங்கே பிறந்த பிள்ளைகளின் பழைய பிறப்புச் சான்றிலும், திருமணப் பதிவிலும் பெற்றோரின் எண் குறிக்கப்பட்டிருக்கும். வீட்டில் இருக்கும் எல்லாப் பழைய காகிதத்தையும் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும் அனுப்புவார்கள். ஓரத்திலோ பின்னாலோ கிறுக்கியிருக்கும் எண்தான் நமக்கு வேண்டியது. காகிதமே இல்லையென்றால் பாட்டன் இறந்தபோது பதிவான இறப்பு அறிவிப்பைத் தேடச் சொல்லுங்கள். அதில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் எல்லாம் வரும்.

குடும்பத்தில் சொல்லப்படும் ஆண்டையும் சரிபாருங்கள். 1866இல் நின்றுபோன ஆளெடுப்பு 1874இல்தான் மறுபடி தொடங்கியது. '1870இல் வந்தார்' என்றால் ஆண்டு தவறு, அல்லது அவர் ஒப்பந்தக் கூலியாக வரவில்லை. தன் காசில் கப்பலேறியவர்களுக்குக் காலனி எண் கிடையாது. அவர்களைக் கூலிக் கப்பல் பட்டியலில் தேடினால் நேரம்தான் வீணாகும்.

எண் கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலைப் பார்க்கலாம். பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டு, குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையத்தில் இருக்கின்றன. ஒரு வரியில் பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, உயரம், உடல் அடையாளம், ஜில்லா, தாலுகா, ஊர் என்று வரும். வயதை நம்பாதீர்கள், அது குமாஸ்தாவின் கண்மதிப்பு. ஐந்து வருஷம் முன்பின் இருக்கலாம். தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா மூன்றும் ஒத்துப்போனால் ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள் என்று கொள்ளலாம்.

ஊர்ப் பெயரில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னதை, அந்த ஊரைக் கேள்விப்பட்டிராத குமாஸ்தா ஆங்கிலத்தில் எழுதியது அது. திருவள்ளூர் 'ட்ரிவெல்லூர்' ஆகும், குப்பம் 'கப்பம்' ஆகும், பாக்கம் 'பாக்' என்று நின்றுவிடும். எழுத்தை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டு வாய்விட்டுப் படியுங்கள், பாதி ஊர்கள் அப்போதே தெரிந்துவிடும். அப்படியும் பிடிபடவில்லையா? முன்னும் பின்னும் இருபது எண்களைப் பாருங்கள். கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு எண் அடுத்தடுத்து வரும். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்களுக்கும் பல சமயம் அப்படித்தான். உங்கள் ஆளுக்குச் சிதைந்துபோன ஊர்ப் பெயர், அடுத்த வரியில் வேறு எழுத்துக்கூட்டலில் தெளிவாக இருக்கலாம். இந்த ஒரு வேலையை மட்டும் சலித்துக்கொள்ளாமல் செய்யுங்கள்.

அடுத்து ஜில்லா. பட்டியலில் உள்ள 'வட ஆற்காடு' இன்றைய வேலூர் மட்டுமல்ல. ராணிப்பேட்டையும், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதிகளும் அதில் அடக்கம். அதைவிட முக்கியம், சித்தூரும் சந்திரகிரியும் பலமனேரும் 1911 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தன. ஊர் ஆந்திராவுக்குள் இருக்கும்போது தமிழ்நாட்டுக்குள்ளேயே தேடிச் சோர்ந்துபோவது அடிக்கடி நடக்கிறது. திருப்பத்தூர் தாலுகாவோ அப்போது சேலம் ஜில்லா. தென் ஆற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மூன்றையும் பாருங்கள்; திருவண்ணாமலை தாலுகாவும் 1911 வரை அதில்தான் இருந்தது. தாலுகாவை வைத்து எல்லையைக் குறுக்காமல் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். புதூரும் நல்லூரும் புதுப்பாளையமும் எண்ணி மாளாது. வருவாய் கிராமப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அது குக்கிராமமாக இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும்.

சாமியும் துப்பு கொடுக்கும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது நேட்டாலில் இன்றும் உண்டு, ஆனால் அது தமிழ்நாட்டில் பல பகுதிகளிலும் இருப்பதால் உதவாது. வீட்டில் கெங்கையம்மனைக் கும்பிடுகிறார்கள் என்றால் வேலூர், சித்தூர் பக்கம் பாருங்கள். குலதெய்வத்தின் பெயர் நினைவில் இருந்தால் பங்காளிகளை நெருங்க அதைவிட நல்ல வழி இல்லை.

சாதிப் பத்தியைப் பற்றி முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுவது நல்லது. அங்கே 'கவெண்டர்' (கவுண்டர்), 'பிள்ளை', 'மூட்லி' (முதலி) என்று குடும்பப் பெயர் இருக்கும். பட்டியலில் வேறொன்று இருக்கலாம், ஏனென்றால் கடல் தாண்டிய பிறகு பட்டப்பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள் பலர். அவர்கள் ஊருக்கு வந்து டீக்கடையில் பத்துப் பேர் நடுவே இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. உங்களுக்கும் இது தேவை, ஏனென்றால் ஊர்த்தெருவில் விசாரித்தால் ஊருக்கு வெளியே தலித் மக்கள் வாழும் காலனியிலிருந்து போன குடும்பத்தைப் பற்றி 'அப்படி யாரும் இல்லை' என்றுதான் பதில் வரும். எந்தத் தெருவில், யாரிடம் கேட்பது என்பதைப் பட்டியல்தான் சொல்லும்.

சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய நில செட்டில்மெண்ட் பதிவேடுகள் ஊர்வாரியாக உண்டு. ஆனால் பட்டா இருந்தவர் பெயர்தான் அதில் வரும். கூலிக்குப் போனவர்களில் நிலமே இல்லாதவர்கள் ஏராளம். பெயர் அங்கே இல்லாததால் ஊர் தவறு என்று முடிவுகட்டாதீர்கள். மரபணுச் சோதனையில் ஊர் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் காசை மிச்சப்படுத்தச் சொல்லுங்கள். அது பரந்த பகுதியைக் காட்டும், தாலுகாவைக் காட்டாது. சோதனை செய்த தூரத்து உறவு இந்தப் பக்கம் யாராவது இருந்தால் மட்டுமே பயன்.

ஊருக்குப் போகும்போது வாயெடுத்ததும் சொல்ல வேண்டியது, 'சொத்து கேட்டு வரவில்லை.' வெளிநாட்டிலிருந்து பங்காளி வந்திருக்கிறார் என்றாலே நிலத்தில் பங்கு கேட்பாரோ என்ற பயம் முதலில் வரும், பிறகு வாய் திறக்காது. கப்பல் பட்டியல் வரியைத் தமிழில் எழுதி எடுத்துப் போங்கள். 'கப்பலுக்குப் போனவங்க, திரும்பி வராதவங்க யாராவது உங்க வீட்டில் உண்டா?' என்று வயதானவர்களிடம் கேளுங்கள். நீங்கள் தேடும் ஆளின் பெயரை முதலில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மரியாதைக்காகவே 'ஆமாம், எங்க ஆளுதான்' என்பார்கள். தகப்பன் பெயரையோ அண்ணன் தம்பி பெயரையோ அவர்கள் வாயால் வரவிட்டு, பிறகு பட்டியலோடு ஒப்பிடுங்கள்.

மலேசியா, இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு இந்த முறை பெரும்பாலும் செல்லாது. கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி, கூட்டிப்போன ஆட்களுக்கு இப்படி ஆளுக்கொரு வரி எழுதிய கப்பல் பட்டியல் பொதுவாகக் கிடையாது. அங்கே தோட்டத்துப் பெயரிலிருந்தும் கங்காணியின் ஊரிலிருந்தும் தொடங்க வேண்டும்.