கீழாநெல்லி சோதனைக் குழாய்க்குள் போகும் முன்: மூலிகை ஆய்வில் வழக்கமாக நேரும் தவறுகள்

முதுகலை மாணவர்களின் ப்ராஜெக்ட் வைவாவில் நான் கேட்கும் முதல் கேள்வி, "செடி எங்கேயிருந்து வந்தது?" போன முறை ஒரு மாணவி கொஞ்சமும் தயங்காமல், "நாட்டு மருந்துக் கடையில் பொடியாக வாங்கினோம் சார்" என்றார். தலைப்பு, கீழாநெல்லியின் கல்லீரல் காக்கும் தன்மை. எண்பது பக்கம், கலர் கிராஃப், எலிகளின் ரத்தப் பரிசோதனை என்று எல்லாம் இருந்தது. அந்தப் பொடி கீழாநெல்லிதான் என்பதற்கு மட்டும் சாட்சி இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. நம் ஊரில் கீழாநெல்லி என்று சொல்வது பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட செடி. அதே வரப்பில், கிட்டத்தட்ட அதே உயரத்தில், அதேபோல இலைக்கு அடியில் காய்த்துக்கொண்டு அதன் பங்காளிகளும் நிற்பார்கள். காய் வழவழப்பாகச் சிறு காம்போடு தொங்கினால் அமாரஸ். காம்பே தெரியாமல் சொரசொரப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் யூரினேரியா. மேலாநெல்லி என்பது வேறு இனம், மதராஸ்படென்சிஸ். பச்சைச் செடியைக் கையில் வைத்துப் பார்த்தால் பிரித்துவிடலாம். காய்ந்து பொடியான பிறகு கண்ணால் சொல்ல யாராலும் முடியாது. போதாக்குறைக்கு, நம் அமாரஸை நெடுங்காலம் 'நிரூரி' என்றே எழுதி வந்தார்கள். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்.

ஊர்ப்பெயரை நம்பி இறங்கினால் இப்படித்தான். கரிசலாங்கண்ணி என்றால் வெள்ளைப் பூவா, மஞ்சள் பூவா? இரண்டும் தனித்தனிப் பேரினங்கள். 'பிரமி' என்று கேட்டால் ஒரு கடையில் நீர்ப்பிரமி வரும், இன்னொன்றில் வல்லாரை வரும். 'சங்கபுஷ்பி' கேரளத்தில் நம் சங்குப்பூ, வடக்கே விஷ்ணுகிராந்தி வகையறா. ஆள் மாறாட்டம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு பெல்ஜியம் சாட்சி. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில், பெயர் ஒற்றுமையால் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டலோக்கியா இனம் ஒன்று கலந்துபோனது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. அரிஸ்டலோக்கியா நமக்கு அந்நியமும் இல்லை; ஆடுதீண்டாப்பாளை அந்தக் குடும்பம்தான்.

செய்ய வேண்டியது எளிது. பூவும் காயுமாக முழுச் செடியைப் பிடுங்கி, அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, பறித்த இடமும் தேதியும் எழுதி ஒரு ஹெர்பேரியத்தில், அதாவது உலர்ந்த செடி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் காப்பகத்தில், கொடுத்து எண் வாங்குங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் ராபினட் ஹெர்பேரியம் இருக்கிறது. அந்த எண் இல்லாத ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கவே முடியாது.

அடுத்தது சாறு எடுப்பது. ஏறக்குறைய எல்லா மாணவர்களும் கண்ணை மூடிக்கொண்டு மெத்தனால் என்ற கரைப்பானை ஊற்றி, சாக்ஸ்லெட் என்ற சாறு இறக்கும் கருவியில் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் காமாலைக்குக் கொடுப்பது என்ன? பச்சைச் செடியை வேரோடு அரைத்து, மோரிலோ பாலிலோ கலக்கி, வெறும் வயிற்றில். மெத்தனாலை யாரும் குடிப்பதில்லை. கீழாநெல்லியின் ஃபில்லாந்தின் என்ற பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, மெத்தனாலில் தாராளமாக இறங்கும். ஆக, ஆய்வகத்தில் சோதித்ததும் பாட்டி கொடுத்ததும் ஒன்றில்லை. மெத்தனால் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு வேதிப்பொருளைத் தேடுகிறீர்கள் என்றால் அது சரியான கருவிதான். ஆனால் முடிவுரையில் "பாரம்பரியப் பயன்பாடு நிரூபிக்கப்பட்டது" என்று எழுதும் உரிமை அப்போது கிடையாது. நிலவேம்புக் குடிநீர் விஷயத்திலும் இதே குழப்பம்தான். அது ஒன்பது சரக்குகள் சேர்ந்த கஷாயம். நிலவேம்பு இலையை மட்டும் எத்தனாலில் ஊறவைத்துச் சோதித்துவிட்டு, குடிநீர் வேலை செய்கிறது என்றோ செய்யவில்லை என்றோ எப்படிச் சொல்வது?

முறை மாறினால் மருந்தே மாறும் என்பதற்குச் சீன விஞ்ஞானி தூ யூயூவைவிட நல்ல உதாரணம் இல்லை. மலேரியாவுக்கு சிங்ஹாவ் செடியைச் சோதித்தபோது முடிவுகள் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹோங் எழுதிவைத்ததை மறுபடி எடுத்துப் படித்தார். அதில் செடியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று தோன்றி, 1971இல் குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு எடுத்தார். பலன் தெரிந்தது. அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டெமிசினின். 2015இல் நோபல் பரிசு. ஓலைச்சுவடியில் 'இடித்துப் பிழி' என்றிருக்கிறதா, 'எட்டிலொன்றாகக் காய்ச்சு' என்றிருக்கிறதா என்பதை மாணவர்கள் அலட்சியம் செய்யும்போது எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

அப்புறம், நிறம். மூலிகை ஆய்வில் சத்தமில்லாமல் ஏமாற்றுவது இதுதான். செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயத்தைப் போடுவார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். தாவரங்களில் மலிந்து கிடக்கும் பாலிஃபீனால் என்ற வேதிப்பொருள்கள் செல்லே இல்லாமலும் அதை ஊதாவாக்கிவிடும். செல் செத்துக் கிடக்கும், கருவியோ நூறு சதவீதம் உயிர் என்று காட்டும். செல் இல்லாத கிண்ணத்தில் சாற்றையும் சாயத்தையும் மட்டும் போட்டு ஒரு ஒப்பீடு வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பத்து நிமிட வேலை, பாதிப் பேர் செய்வதில்லை. டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்த சாறு இன்னொரு வில்லன். எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொண்டு திரளவைக்கும். உடனே "இந்த நொதியைத் தடுக்கிறது, சர்க்கரை நோய்க்கு மருந்து" என்று எழுதிவிடுகிறார்கள். கடுக்காயை மென்றால் நாக்கு துவர்த்து இழுக்கிறதே, அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது.

டி.பி.பி.எச். சோதனை பற்றி அதிகம் பேச விருப்பமில்லை. அந்த ரசாயனத்தின் ஊதா நிறம் மங்கினால் சாறு ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று கணக்கு. டீக்கடை டீயை ஊற்றினாலும் மங்கும். குழாயில் நடப்பது உடம்பில் நடக்கும் என்பதற்கு அது ஆதாரமில்லை. உணவுகளுக்கு இப்படி மதிப்பெண் போட்டு வெளியிட்டிருந்த பட்டியலை அமெரிக்க வேளாண் துறையே 2012இல் எடுத்துவிட்டது.

அளவுக்கு வருவோம். "மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராமில் புற்றுநோய்ச் செல்கள் அழிந்தன" என்று ஒரு வரி. சரி, கணக்குப் போடுங்கள். ஒரு ஆளின் ரத்தம் சுமார் 5 லிட்டர். அதில் அந்தச் செறிவு வர 2.5 கிராம் சாறு ரத்தத்திலேயே மிதக்க வேண்டும். குடலில் ஒரு துளி வீணாகாமல், கல்லீரல் எதையும் உடைக்காமல். நடக்கிற காரியமா? அந்தச் செறிவில் உப்புத்தண்ணீர் தவிர எதைப் போட்டாலும் செல் சங்கடப்படும். முழுச் சாற்றுக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே பலன் தெரிந்தால்தான் மேற்கொண்டு பார்க்கலாம் என்பது துறையில் பலர் வைத்திருக்கும் அளவுகோல். ஆரோக்கியமான செல்லையும் பக்கத்திலேயே வைத்துச் சோதியுங்கள். இரண்டும் சேர்ந்து செத்தால் அதற்குப் பெயர் விஷம். மஞ்சளின் குர்குமின் இந்த வலையில் பலரைச் சிக்கவைத்திருக்கிறது: குழாயில் எல்லாவற்றையும் செய்யும், வாய்வழி கொடுத்தால் ரத்தத்தில் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும்.

எலியிலிருந்து மனிதருக்கு வரும்போதும் இதே கணக்கு வேண்டும். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் கொடுத்தால், உடற்பரப்பை வைத்துப் பார்க்கும் வழக்கப்படி 6.2ஆல் வகுத்து, 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 4 கிராம் சாறு. நூறு கிராம் பொடிக்குப் பத்து கிராம் சாறு கிடைத்தது என்றால், தினம் 40 கிராம் பொடி. எந்த வைத்தியர் அவ்வளவு கொடுக்கிறார்?

கல்லீரல் ஆய்வில் இன்னொரு தந்திரம் இருக்கிறது. தெரிந்து செய்வதில்லை, வழக்கமாகிவிட்டது. எலிக்கு ஒரு வாரம் மூலிகை கொடுத்துவிட்டு, அப்புறம் பாராசிட்டமாலை அதிக அளவில் கொடுத்துக் கல்லீரலைக் கெடுக்கிறார்கள். நோயாளி யாரும் காமாலை வருவதற்கு ஒரு வாரம் முன்பே மருந்து தொடங்குவதில்லையே. அதோடு, பாராசிட்டமால் நேராகக் கல்லீரலைத் தாக்குவதில்லை. கல்லீரல் நொதி ஒன்று அதை நச்சாக மாற்றிய பிறகுதான் தாக்கும். மூலிகை அந்த நொதியைத் தடுத்தாலே எலி பிழைத்துவிடும். வைரஸ் காமாலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேடிக்கை என்னவென்றால், சாற்றைக் கரைக்க ஊற்றும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானே அந்த நொதியைத் தடுக்கும். வெறும் கரைப்பான் மட்டும் கொடுத்த எலிக்குழு இல்லாவிட்டால், கரைப்பானின் புண்ணியம் கீழாநெல்லியின் கணக்கில் ஏறிவிடும்.

சாற்றில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது என்று காட்டும் ஜி.சி.எம்.எஸ். கருவியின் பட்டியலைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். கருவியின் நூலகம் சொல்லும் பெயர்களை அப்படியே அட்டவணையாக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு மருத்துவ குணம் போட்டிருப்பார்கள். நடுவில், பிளாஸ்டிக்கில் சேர்க்கும் தாலேட் ஒன்று உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அது பிளாஸ்டிக் குழாயிலிருந்தும் மூடியிலிருந்தும் கரைந்து வந்தது. வெறும் கரைப்பானை முதலில் ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரே சாற்றை மூன்று குழாயில் ஊற்றி அளப்பது மூன்று ஆய்வு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று இடத்துச் செடி, மூன்று தனிச் சாறு வேண்டும்.

கடைசியில் மனிதர்கள். ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சில வாரங்களில் இறங்கிவிடும். அதனால் "குடித்தேன், குணமானது" என்பது ஆய்வில் எடுபடாது. ஒப்பிட்டுப் பார்க்க, மருந்து போலவே இருக்கும் வெற்று மருந்து எடுத்த குழு வேண்டும். சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்த புளூம்பெர்க்குடன் சேர்ந்து, அதைச் செய்தது. 1988இல் வெளியான முடிவில், வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களில் 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு, வைரஸ் உடம்பில் இருப்பதன் அடையாளமான மேற்பரப்பு ஆன்டிஜன் ரத்தத்திலிருந்து மறைந்திருந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்தபோது அந்தப் பலன் வரவில்லை. செடி வளர்ந்த மண்ணா, பறித்த பருவமா, நோயாளிகளின் வேறுபாடா, முதல் ஆய்வின் சிறிய எண்ணிக்கையா என்ற விவாதம் எழுந்தது. அதில் பாதிக் கேள்விகள், வைவாவில் நான் கேட்ட முதல் கேள்வியின் வேறு வடிவங்கள்தான்.

அந்த மாணவிக்கு மதிப்பெண் போட்டோம். தலைப்பை மட்டும் மாற்றி எழுதித் தரச் சொன்னேன். "கடையில் வாங்கிய, கீழாநெல்லி எனப்படும் ஒரு பொடியின் மெத்தனால் சாறு, முன்கூட்டியே கொடுக்கப்பட்டபோது, எலிகளில் பாராசிட்டமால் பாதிப்பைக் குறைத்தது" என்று எழுதிக் கொண்டுவந்தார். "ரொம்ப நீளமாக இருக்கிறதே சார்" என்றார். இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டேன்.