கடைசிப் பத்து நாள்: ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் என்ன செய்யலாம்?

மூன்றாம் பருவப் புத்தகம் முடிந்துவிட்டது. மதிப்பீடும் முடியப்போகிறது. ஆனால் பிள்ளைகள் வருகிறார்கள். காலை உணவும் சத்துணவும் உண்டு. வெளியே வெயில் கொளுத்துகிறது. இந்த நாட்களை "படம் வரைங்க" என்று ஆளுக்கொரு தாளைக் கொடுத்து ஓட்டிவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நான்காவது நாளே ஆறு வயதுப் பிள்ளைக்கு வரைவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. பிள்ளைகளுக்குள் சண்டை தொடங்கிவிடும்.

இதற்காகச் சார்ட்டும் தெர்மாகோலும் வாங்கிக் குவிக்க வேண்டாம். வருஷம் முழுக்க வகுப்பில் சேர்ந்த மிச்சமே போதிய சரக்கு: பாதி எழுதிய நோட்டுகள், சத்துணவுக்கு முட்டை வந்த அட்டைகள், எண்ணிப் பழகிய புளியங்கொட்டை, பழைய காலண்டர். கீழே உள்ள அளவெல்லாம் 25 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு.

முதலில் நேரக்கணக்கு. எழுந்து நடந்து செய்யும் வேலை எதுவானாலும் 11 மணிக்குள் முடியட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்த வேலை. பசை ஒட்டும் வேலையைக் கடைசி மணி நேரத்தில் வையுங்கள், இரவெல்லாம் காய்ந்துவிடும். காலையில் ஒட்டினால் மதியத்துக்குள் பத்துப் பேர் தொட்டுப் பார்த்துப் பிய்த்துவிடுவார்கள். மின்விசிறிக்கு அடியில் தாள் வேலை என்றால் ஆளுக்கொரு கூழாங்கல்லும் கொடுங்கள். கல் இல்லாவிட்டால் விசிறியை நிறுத்துவதா போடுவதா என்பதே அன்றைய பாடமாகிவிடும்.

முதல் நாளே இரண்டு காரியங்களைத் தொடங்கிவிட வேண்டும். முட்டை அட்டைகளை வெயிலில் போடுவது ஒன்று. பாராட்டுச் சீட்டுக்குக் குறிப்பெடுப்பது மற்றொன்று. இரண்டையும் பின்னால் பார்க்கலாம்.

எண் சாண் கயிறு

ஜூனில் எடுத்த உயரக் குறிப்பு இருந்தால் எடுத்துவையுங்கள். ஆறு வயதுப் பிள்ளை வருஷத்துக்கு ஏறக்குறைய 5, 6 செ.மீ. வளரும். அந்த வித்தியாசத்தைச் சுவரில் இரண்டு கோடாகக் காட்டினால் வாய் பிளந்து பார்ப்பார்கள். ஜூன் குறிப்பு இல்லையென்றாலும் இந்த வேலை நடக்கும்.

பிள்ளையைச் செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி நிறுத்துங்கள். தலைமேல் ஒரு புத்தகத்தைக் கிடையாக வைத்து, அதன் அடிவிளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சில் கோடு போடுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் சணல் கயிற்றை வெட்டிக் கையில் கொடுங்கள். உல்லன் நூல் வேண்டாம். அது இழுத்தால் நீளும்; ஒரே பிள்ளை மூன்று முறை அளந்தால் மூன்று உயரம் வரும்.

வெட்டிய கயிற்றைத் தரையில் நீட்டிவைத்துத் தன் சாணால் அளக்க வேண்டும். சுண்டுவிரல் முடிந்த இடத்தில் கட்டைவிரல் வர வேண்டும் என்பதுதான் விஷயம். பெரும்பாலோர் கையைத் தூக்கும்போது இடத்தைத் தவறவிடுவார்கள்; அதனால் 6 சாணும் வரும், 11 சாணும் வரும். ஒவ்வொரு சாணுக்கும் சுண்டுவிரல் பட்ட இடத்தில் பக்கத்துப் பிள்ளை ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தால் கணக்கு நேராகிவிடும். குட்டைப் பிள்ளைக்கும் நெட்டைப் பிள்ளைக்கும் 8 சாணை ஒட்டியே வரும். "எறும்பும் தன் கையால் எண் சாண்" என்ற பழமொழியை அதற்குப் பிறகு சொல்லுங்கள், முன்னால் சொல்லாதீர்கள். முன்னால் சொன்னால் எல்லாருக்கும் சரியாக எட்டே வரும், அளக்காமலேயே.

உயரத்தை செ.மீ.யில் எழுதிப் பெரிதிலிருந்து சிறிதாகச் சுவரில் ஒட்டும் வழக்கம் உண்டு. வேண்டாம். கடைசியில் இருக்கும் பிள்ளை அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

மிச்சத் தாளில் கோடை நோட்டு

இதுதான் பெரிய வேலை. மூன்று நாள் ஒதுக்குங்கள். பழைய நோட்டின் வெற்றுத்தாள்களை எடுத்துத் தைத்து, விடுமுறைக்கு ஒரு புது நோட்டு செய்வது. சொல்லும்போது எளிதாகத் தோன்றும். கவனிக்காமல் இறங்கினால் முதல் நாளே தாள் கிழிந்துபோகும்.

காரணம், நடுவில் பின் அடித்த நோட்டில் ஒவ்வொரு தாளும் இரட்டைத்தாள். கடைசி ஏட்டின் ஜோடி முதல் ஏடு. கடைசிப் பத்து ஏடும் வெற்றாக இருக்கலாம். ஆனால் அவற்றின் மறுபாதியில் 'அம்மா, ஆடு' என்று எழுதியிருக்கும். பின்னை உருவினால் முழுத்தாளாகக் கிடைப்பது, பாதிக்குக் குறைவாக எழுதிய நோட்டின் நடுத்தாள்கள் மட்டுமே. மற்றதையெல்லாம் ஒற்றை ஏடாகத்தான் வெட்டியெடுக்க வேண்டும். ஆகவே நடுத்தையல் என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒற்றை ஏடாக வெட்டி ஓரத்தையல் போடுவதே நல்லது.

ஒரு நோட்டுக்கு 16 ஏடு, அதாவது 32 பக்கம். 25 பேருக்கு 400 ஏடு வேண்டும். எல்லா நோட்டையும் பொதுவில் சேர்த்துவிடுங்கள். நிறைய எழுதிய பிள்ளையிடம் வெற்றுத்தாள் இருக்காது, அவளுக்கு நோட்டு இல்லை என்றால் அது எழுதியதற்குத் தண்டனை. எழுதிய பக்கங்களைக் குப்பையில் போடாமல் அந்தந்தப் பிள்ளைக்கே கட்டிக் கொடுங்கள். ஜூன் மாத எழுத்தையும் ஏப்ரல் எழுத்தையும் அருகருகே வைத்து அவர்களே பார்க்கட்டும்.

பின்னைப் பிரிப்பதும் ஏட்டை வெட்டுவதும் பெரியவர் வேலை. பின்னின் மடங்கிய கால்களை ஸ்பூன் காம்பால் நிமிர்த்தி, மறுபக்கமிருந்து உருவுங்கள். உருவிய பின்களை ஒரு டப்பாவில் போட்டு எண்ணிவிடுங்கள். தரையில் உட்காரும் வகுப்பு இது. கோடு போட்டவை, கட்டம் போட்டவை, இரட்டைக்கோடு எனத் தாள்களைப் பிரித்து அடுக்குவதும் 16, 16 ஆக எண்ணுவதும் பிள்ளைகள் வேலை. 10 ஏட்டுக் கட்டு ஒன்று, உதிரி ஆறு என்று எண்ணச் சொன்னால் பத்துகளும் ஒன்றுகளும் கைக்குள் வந்துவிடும்.

மேலட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை, காலண்டர் தாள், மளிகைப் பெட்டி அட்டை எதுவும் ஆகும். தினசரிக் காலண்டரின் பின்னட்டை மட்டும் வேண்டாம், ஊசி இறங்காது. தாள்களை நாலு பக்கமும் தட்டி நேராக்கித் துணி கிளிப் இரண்டு போட்டுப் பிடியுங்கள். இடது ஓரத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலேயும் கீழேயும் ஓரத்திலிருந்து 3 செ.மீ. விட்டு ஒவ்வொன்று. 1 செ.மீ.க்குக் குறைந்தால் நூல் தாளை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அடியில் மடித்த சாக்கைப் போட்டுக் கோணி ஊசியால் குத்துங்கள். 20 ஏட்டுக்கு மேல் போனால் ஊசி சாய்ந்து, பின்னட்டையில் துளை வேறெங்கோ வரும். 16 என்ற கணக்கு அதற்காகத்தான்.

நூல், பொட்டலம் கட்டும் பருத்தி நூல். நோட்டின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு, 20 செ.மீ. நோட்டுக்கு அரை மீட்டர். நூல் நுனியை மெழுகில் தேய்த்தோ ஃபெவிகாலில் தொட்டு உலர்த்தியோ விறைப்பாக்கிவிட்டால் பிள்ளைக்கு ஊசியே வேண்டாம்.

தைக்கும் விதம்: முன்னட்டையின் நடுத்துளையில் நூலை இறக்குங்கள், ஒரு சாண் வால் முன்பக்கம் கிடக்கட்டும். பின்னால் போன நூலை மேல்துளை வழியாக முன்னே எடுங்கள். முன்பக்கமாகவே நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளைக்குள் இறக்குங்கள். பின்னாலிருந்து மறுபடி நடுத்துளை வழியாக முன்னே வாருங்கள். இப்போது முன்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு நீள நூல் ஓடும். இரண்டு நுனியும் அதன் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். நீள நூலின்மேல் இறுக்கி இரட்டை முடிச்சுப் போடுங்கள். இரண்டு நுனியும் ஒரே பக்கம் வந்துவிட்டால் முடிச்சு எதையும் பிடிக்காது. வீட்டுக்குப் போவதற்குள் நோட்டு ஏடு ஏடாகிவிடும். 25 நோட்டில் நாலைந்து இப்படித்தான் வரும், அவிழ்த்துக் கட்டினால் போயிற்று.

உள்ளே என்ன எழுதச் சொல்வது? வீட்டுப்பாடம் கொடுக்காதீர்கள். பக்கத்தின் மேலே ஒரு வரி மட்டும் போதும்: "இன்று தின்ற நுங்கில் எத்தனை கண்?" "மாங்கொட்டையை உள்ளங்கைமேல் வைத்து வரை." "வீட்டில் யார் முதலில் எழுந்தார்?" பத்துப் பக்கத்துக்குக் கேள்வி, மீதி வெற்று.

முட்டை அட்டைப் பல்லாங்குழி

30 குழி உள்ள அட்டை, 5-க்கு 6. 6 குழி உள்ள பக்கத்தை இரண்டிரண்டாகப் பிரித்துக் குறுக்கே வெட்டினால் 5 குழி இரண்டு வரிசை கொண்ட பலகை மூன்று கிடைக்கும். நாலு அட்டையில் 12 பலகை. இருவர் இருவராக 24 பேர். மிஞ்சிய ஒருவர் ஒரு ஜோடிக்கு நடுவர், ஆட்டத்துக்கு ஆட்டம் மாறிக்கொள்ளட்டும். வழக்கமான 14 குழிதான் வேண்டும் என்றால், 10 குழித் துண்டோடு 4 குழித் துண்டை ஒட்டவேண்டும். இரண்டு அட்டைக்கு நாலு பலகை வரும். ஆறு வயதுக்கு 10 குழியே நல்லது, ஆட்டம் சீக்கிரம் முடியும்.

கறையோ உடைந்த முட்டையின் பிசுக்கோ உள்ள அட்டையைத் தொடவே வேண்டாம். சுத்தமானதையும் இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டெடுங்கள். ஆட்டம் முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.

குழிக்கு 5 கொட்டை, பலகைக்கு 50, பன்னிரண்டுக்கு 600. புளியங்கொட்டை முக்கால் கிலோ இருந்தால் தாராளம். புளி உலுக்கும் காலம்தான் இது. வீடுகளில் கேட்டாலே வரும். குன்றிமணி அழகாக இருக்கிறது என்று யாராவது கொண்டுவருவார்கள். வாங்கி அப்புறப்படுத்துங்கள், மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கொட்டையை மூக்கில் போட்டுப் பார்க்கும் பிள்ளை வகுப்பில் இருந்தால் அந்தப் பலகைக்குச் சோடாப் புட்டி மூடி.

விதியை ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். முதல் நாள்: ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போ, கை காலியானதும் அடுத்த குழியை அள்ளு; அடுத்த குழி வெற்றாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொள். மறுநாள் பசு: போட்டுக்கொண்டு போகையில் எந்தப் பக்கத்துக் குழியில் 4 சேர்ந்தாலும் அது அந்தப் பக்கத்தவருக்கு. ஆட்டத்தை 4 கொட்டையில் தொடங்காமல் 5-இல் தொடங்குவது இதனால்தான்.

பாராட்டுச் சீட்டு

எல்லாருக்கும் ஒன்று, ஆனால் ஒருவருக்கு எழுதியது இன்னொருவருக்குப் பொருந்தக் கூடாது. 'நன்றாகப் படித்தவர்' யாருக்கும் பொருந்தும். "'வாயப்பயம்' என்று சொன்னவர், இப்போது 'வாழைப்பழம்' என்கிறார்." "தன் தட்டைக் கழுவியபின் குழாயை மூடுபவர்." "எறும்புப் புற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தவர்." இப்படி எழுத வேண்டும். கடைசி நாள் மாலையில் உட்கார்ந்தால் பதினைந்து பேருக்கு மேல் பேனா ஓடாது. மிஞ்சுபவர்கள் எப்போதும் வாய் திறக்காத பிள்ளைகள். அதனால் முதல் நாளே பெயர்ப் பட்டியலில் எந்தப் பெயரைப் பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லையோ அதில் தொடங்குங்கள். நாளுக்கு மூன்று பேரைக் கவனித்துக் குறித்தால் ஒன்பதாம் நாளில் முடிந்துவிடும். தாமதமாக வருபவர், தூங்குபவர் என்று வேடிக்கைப் பட்டம் வேண்டாம். வீட்டில் அது வேடிக்கையாக வாசிக்கப்படாது.

சுத்தம், பிறகு பானகம்

ஸ்கெட்ச் பேனாவை ஒவ்வொன்றாகத் தாளில் கிறுக்கிப் பார்த்து எழுதுவது, எழுதாதது எனப் பிரிக்கச் சொன்னால் அரை மணி நேரம் சத்தமே இருக்காது. கரும்பலகை வெளுத்திருந்தால் கோவை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசும் பழைய வழி உண்டு. ஊமத்தை இலையும் போடுவார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது.

கடைசி நாளுக்குப் பானகம். தண்ணீர் 4 லிட்டர், வெல்லம் அரைக் கிலோ, எலுமிச்சம்பழம் 6, ஏலக்காய் 10, சுக்குப்பொடி ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தைக் கரைத்ததும் வடிகட்டுங்கள், மண் இருக்கும். எவர்சில்வர் பாத்திரம்தான், புளிப்பு அலுமினியத்துக்கு ஆகாது. எலுமிச்சைத் தோலை முறுக்கிப் பிழிந்தால் கசக்கும். ஆளுக்கு 150 மி.லி. டம்ளர் ஊற்றினால் 25 பேருக்குப் போக ஆயாம்மாவுக்கும் இருக்கும். செய்முறையைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளே வாசித்துச் செய்வதாக இருக்கட்டும்.

ஜூனில் வருபவர்களுக்கு ஒரு கடிதம்

புதிதாக ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு இப்போதைய பிள்ளை எழுதுவது. வாசிக்கத் தெரியாதவருக்குப் போகும் கடிதம் என்பதால் படம்தான் முதல்: தண்ணீர்க் குழாய் எங்கே, கழிவறைக்கு எந்த வழி, அழுகை வந்தால் யாரிடம் போகலாம். பள்ளியை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து வரையச் சொல்லுங்கள். மாதிரி ஒன்றைப் பலகையில் எழுதிவைத்தால் 25 பேரும் அதையே எழுதுவார்கள். பிழை திருத்த வேண்டாம். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தால், கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிந்து உட்காரும் பழக்கம் இருக்கும். இங்கே கலந்து உட்கார்த்துங்கள். மலர்ப் பிள்ளை எழுத, அரும்புப் பிள்ளை வரைய என்று மட்டும் வேலை பிரிக்காதீர்கள். அரும்புப் பிள்ளை தன் பெயரையாவது தானே எழுதட்டும்.

கடிதங்களை உறையில் போட்டு பீரோவின் மேல்தட்டில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். கீழ்த்தட்டில் வைத்தால் கரையான் முதலில் வாசித்துவிடும். இரண்டு கைப்பிடி உலர்ந்த வேப்பிலை போட்டு, கட்டின்மேல் 'ஜூன் முதல் நாள் பிரிக்க' என்று பெரிதாக எழுதிவிடுங்கள். அன்றைக்கு அந்த வகுப்புக்கு வருவது வேறு ஆசிரியராகவும் இருக்கலாம்.