இறால் ஓட்டுத் தூசியிலிருந்து நெஞ்சைக் காக்க

காசிமேட்டில் இறால் உரிக்க வரும் பெண்கள் என்னிடம் கையுறை கேட்பார்கள்; மூக்கைப் பற்றி ஒருத்தியும் கேட்டதில்லை. காய்ந்த ஓட்டை நசுக்கிப் பாருங்கள், விரல் ரேகையில் வெளிறிய பொடி ஒட்டும். அதில் இருப்பது கைட்டின், ஓட்டுக்கு உறுதி தரும் பொருள். கரப்பான், பூஞ்சைக் காளான், தூசிப்பூச்சி எல்லாவற்றிலும் அது உண்டு. நம் உடல் கைட்டினை உண்டாக்குவதில்லை. ஆனால் அதை வெட்டும் கைட்டினேஸ் நொதிகளை வைத்திருக்கிறது. அப்படியொரு நொதி இல்லாத எலிகளுக்கு நுரையீரலில் கைட்டின் தேங்கி, வயதாக வயதாகத் தழும்பேறியது.

ஆகவே ஓட்டை ஈரம் காயுமுன் மூடியுள்ள டிரம்மில் போடுங்கள். உலர்ந்த தரையைப் பெருக்கவே கூடாது; வாளித் தண்ணீரைச் சாய்த்துத் தள்ளுங்கள். குழாயைப் பீய்ச்சி அடிப்பது இன்னும் மோசம்: சாரலோடு மிதக்கும் இறால் புரதம் ஆஸ்துமாவைக் கிளப்பும். முந்தானையை மூக்கில் சுற்றுவது வெறும் சமாதானம். காய்ந்த ஓட்டைக் கொட்டும்போது என்-95 முகக்கவசமே போடுங்கள்.

வேலை நாளில் இழுப்பு, விடுமுறையில் நிம்மதி என்றால் துறைமுகக் காற்றைத் திட்டிக்கொண்டிராமல் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.