'நைஸ்': ஆங்கிலத்தில் எங்கே பொருந்தும், எங்கே இடறும்

மாவை நைஸாக அரைக்கிறோம், வேலை வந்தால் நைஸாக நழுவுகிறோம். இந்த இரண்டு பொருளையும் தமிழோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அரைத்த மாவுக்கு 'ஸ்மூத்', நழுவுவதற்கு 'ஸ்லிப் அவே'. அங்கே 'நைஸ்லி' என்றால் பாங்காக, நயமாக என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

சொல்லின் பிறப்பு விசித்திரமானது. லத்தீனில் 'நெ' என்றால் 'இல்லை' என்று பொருள், 'ஸ்கீரே' என்றால் அறிதல். இரண்டும் சேர்ந்த 'நெஸ்கியுஸ்' என்றால் அறியாதவன். (சயின்ஸுக்கும் அதே 'ஸ்கீரே'தான் வேர்!) பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ஒருவரை நைஸ் என்றால் மடையன் என்று பொருள். பிறகு எதிலும் நொட்டை சொல்பவர், அதன்பின் நுணுக்கமானது என்று மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' என்ற பொருள் வேரூன்றியது. நுணுக்கம் இன்னும் மறையவில்லை. 'எ நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று படித்தால் மயிரிழை வேறுபாடு என்று கொள்ளுங்கள். அது பாராட்டு அல்ல.

முதல் சந்திப்புக்கு 'நைஸ் டு மீட் யூ'. ஏற்கெனவே பழகியவரிடம் இதைச் சொன்னால் அவரை மறந்துவிட்டதாக நினைப்பார். அவருக்கு 'நைஸ் டு சீ யூ'. முதல் சந்திப்பு முடிந்து விடைபெறும்போது 'நைஸ் மீட்டிங் யூ'.

'இட் வாஸ் நைஸ் ஆஃப் யூ டு கம்' என்றால் வந்தது உங்கள் நல்ல மனசு. 'ஆஃப்' இருக்கும் இடத்தில் 'ஃபார்' போட்டால் நன்றி போய்விடும். வந்தது உங்களுக்கு இனிமையாக இருந்தது என்றாகும்.

'த டீ இஸ் நைஸ் அண்ட் ஹாட்' என்பதை 'நன்றாகவும் சூடாகவும்' என்று பிரிக்கக் கூடாது. நாம் 'நல்ல சூடு' என்கிறோமே, அதேதான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் 'அண்ட்' வேண்டாம்: 'எ நைஸ் ஹாட் டிரிங்க்'. பல பெயரடைகள் வரும்போது நைஸ் முதலில் நிற்கும். 'நைஸ் பிக் ஹவுஸ்' சரி, 'பிக் நைஸ் ஹவுஸ்' காதில் உறுத்தும்.

'நைஸ் ட்ரை' தோற்றவருக்குச் சொல்வது, ஏமாற்றப் பார்த்தவரைக் கேலி செய்வதும் அதே சொல்தான், மேலதிகாரியிடம் வேண்டாம்.

கட்டுரை எழுதும்போது 'நைஸ்' என்ற சொல்லை முடிந்தவரை தவிர்க்கலாம், எதையும் தெளிவாகச் சொல்லாது. சாப்பாட்டுக்கு 'டிலீஷியஸ்', மனிதருக்கு 'கைண்ட்', வானிலைக்கு 'பிளெசன்ட்'.

பிரான்ஸின் ஒரு கடற்கரை நகரத்தின் பெயருக்கும் இதே ஆங்கில எழுத்துகள்தான் (Nice). அதை மட்டும் 'நீஸ்' என்று படிக்க வேண்டும்.