கரோட்டிட் சுவர் தடிமனை எங்க, எப்படி அளக்கணும்

கரோட்டிட், அதாவது மூளைக்கு ரத்தம் கொண்டு போற கழுத்து ரத்தக்குழாயோட அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ரிப்போர்ட்ல ஐஎம்டி (சுவரோட உள் ரெண்டு அடுக்கோட தடிமன்) 0.7 மிமீனு ஒரே நம்பர் போட்டு முடிச்சிடுறாங்க, ஆனா ரத்தக்குழாய் சுவர் எல்லா இடத்துலயும் ஒரே தடிமன்ல இருக்காது, முக்கியமா குழாய் ரெண்டா பிரியற இடத்துல இருக்கற பல்ப்ல (குழாய் லேசா உப்பியிருக்கற பகுதி), வெளிப்பக்க சுவரை ஒட்டி ரத்தம் மெதுவா சுழன்டு போகும், கொழுப்பு முதல்ல படியறதும் பெரும்பாலும் அங்கதான். அதனால எங்க, எந்தக் கோணத்துல அளந்தோம்னு எழுதாத நம்பரை நான் நம்ப மாட்டேன்.

பேஷன்டை மல்லாக்கப் படுக்க வச்சு முகத்தை லேசா மறுபக்கம் திருப்பச் சொல்லுங்க. லீனியர் ப்ரோப், 7 மெகாஹெர்ட்ஸ் இல்ல அதுக்கு மேல, டெப்த் 4 செமீ வச்சா பெரும்பாலும் போதும். முதல்ல குறுக்குவாட்டுல கழுத்தடியில இருந்து தாடை வரைக்கும் ஏத்திக்கிட்டே போங்க, தயவுசெஞ்சு இதை அவசரமா முடிக்காதீங்க, ஒரு பக்கம் மட்டும் தடிச்சிருந்தா நீளவாட்டுல தெரியாமலே போயிடலாம், குறுக்குவாட்டுல பிறை மாதிரி பளிச்சுனு தெரியும்.

அப்புறம் நீளவாட்டு. தோலுக்கு தூரமா இருக்கற சுவர்ல ரெண்டு இணைக்கோடு தெரியணும், முதல் கோட்டோட மேல் விளிம்புல இருந்து ரெண்டாவதோட மேல் விளிம்பு வரைக்கும் அளங்க. கிட்ட இருக்கற சுவர்ல கெயின் (படத்தோட வெளிச்ச அளவு) கூட்டினாலே நம்பர் மாறிடும், அதை விட்டுடுங்க. சுவர் ஸ்க்ரீன்ல படுக்கையா இருக்கணும், குழாயோட நடுவுல வெட்டணும், ஓரமா வெட்டினா இல்லாத தடிமன் காட்டும். இசிஜி மாட்டி ஆர் அலை (இதயம் சுருங்கறதுக்குச் சற்று முன்னாடி வர்ற கூரான அலை) வர்றப்போ ஃப்ரீஸ் பண்ணுங்க, ஏன்னா இதயம் சுருங்கறப்போ குழாய் விரிஞ்சு சுவர் மெலிஞ்சுடும்.

பொதுவான நம்பருக்கு, பல்புக்குக் கீழ ப்ளேக் (கொழுப்புப் படிவு) இல்லாத 10 மிமீ நீளத்தோட சராசரி. அதே இடத்தை முன்னாடி, பக்கவாட்டுல, பின்னாடினு மூணு கோணத்துல எடுத்து, சராசரியையும் அதிகபட்சத்தையும் தனித்தனியா எழுதுங்க. சுத்தி இருக்கற சுவரை விட 50% தடிப்பு, இல்ல குழாய்க்குள்ள 0.5 மிமீ துருத்தல், இல்ல மொத்தமே 1.5 மிமீக்கு மேலனா மான்ஹைம் கன்சென்சஸ் (நிபுணர்கள் சேர்ந்து ஒத்துக்கிட்ட வரையறை) படி அது ப்ளேக், அதைச் சராசரியில கலக்காதீங்க.

திரும்ப வர்றவங்களுக்கு அதே பக்கம், அதே கோணம். வருஷத்துக்கு மாறுறது சராசரியா 0.01 மிமீ அளவுதான், மெஷினோட ஒரு பிக்சலே அதை விடப் பெருசு, அதனால 0.70 போன வருஷம், 0.73 இந்த வருஷம்னு ஒருத்தரை பயமுறுத்த வேண்டாம்.